பள்ளிக்கு வராத பிள்ளைக்கு யார் பொறுப்பு? பெற்றோர் அபராதத்தின் ஒரு நூற்றாண்டு வரலாறு

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.)

பெங்களூரில் கல்வி குறித்த உரையாடல்களில் ஒரு கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. பிரிட்டனில் சில ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பிய தகவல் தொழில்நுட்பத் துறைக் குடும்பங்கள் இந்நகரில் ஏராளம். பள்ளி நடைபெறும் நாள்களில் பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றால் அங்கே பெற்றோர் அபராதம் கட்ட வேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். "அப்படி ஒரு சட்டம் இங்கும் வந்தால்தான் நம்மவர்கள் திருந்துவார்கள்" என்பார் சிலர். "என் பிள்ளையை எப்போது எங்கே அழைத்துப் போவது என்பதை அரசா முடிவு செய்வது?" என்பார் வேறு சிலர்.

இரு தரப்பினரும் அத்தகைய சட்டம் இந்தியாவுக்குப் புதியது என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது இங்கே பழையது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் என்னும் ஏற்பாடு பரோடாவில் தொடங்கி, பல மாகாணங்களின் சட்டப் புத்தகங்களில் இடம்பெற்று, விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதை ஏற்காமல் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உள்ளது. 'கட்டாயக் கல்வி' என்ற தொடரில் உள்ள 'கட்டாயம்' யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதே அந்த வரலாற்றின் மையக் கேள்வி. பெற்றோரையா, பிள்ளையை வேலைக்கு வைப்பவரையா, அரசையா?

இங்கிலாந்தின் ஐந்து ஷில்லிங்

முதலில் பிரிட்டனின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளூர்ப் பள்ளி வாரியங்கள் விரும்பினால் வருகையைக் கட்டாயமாக்கும் துணைவிதிகளை இயற்றலாம் என்றது. 1880இல் ஐந்து முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு வருகை நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. விதியை மீறும் பெற்றோருக்கான அபராதம், வழக்குச் செலவு உட்பட ஐந்து ஷில்லிங்குக்கு மிகாது. ஆனால், பள்ளிக் கட்டணம் பெரும்பாலான இடங்களில் 1891 வரை நீக்கப்படவில்லை. ஆகவே பதினோர் ஆண்டுகள் ஓர் ஏழைத் தொழிலாளி, பிள்ளையை அனுப்பினால் கட்டணமும், அனுப்பாவிட்டால் அபராதமும் செலுத்தும் நிலையில் இருந்தார். தெருத்தெருவாகச் சென்று வராத பிள்ளைகளைத் தேடிய வருகை அலுவலரைத் தொழிலாளர் குடியிருப்புகள் வெறுத்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய பிரிட்டனில் அந்த அபராதத்தின் இலக்கு மாறிவிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நீதிமன்றத்துக்குப் போகாமலே அபராத அறிவிப்பு வழங்க வழிசெய்தது. தலைமையாசிரியர் தம் விருப்புரிமையால் விடுமுறைப் பயணத்துக்கு இசைவளிக்கும் வழக்கம் 2013இல் நெருக்கப்பட்டு, 'விதிவிலக்கான சூழல்' இருந்தால் மட்டுமே இசைவு என்றாயிற்று. ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகளை 2015இல் புளோரிடாவுக்கு அழைத்துச் சென்று, அபராதம் கட்ட மறுத்து, வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றார். பிள்ளை 'ஒழுங்காக' வருவது என்றால் பள்ளி வகுத்த விதிகளின்படி வருவது என்றே பொருள் என 2017 ஏப்ரலில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்டு முதல் இங்கிலாந்தில் அபராதம் 80 பவுண்டு; உரிய காலத்தில் கட்டத் தவறினால் 160 பவுண்டு. 2022–23 கல்வியாண்டில் அங்கு வழங்கப்பட்ட அபராத அறிவிப்புகள் நான்கு லட்சத்தை நெருங்கின. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு, இசைவற்ற விடுமுறைப் பயணத்துக்காக வழங்கப்பட்டவை.

பெங்களூரில் இருந்து பார்ப்போருக்குத் தெரிவது இந்தப் பிற்காலக் காட்சி மட்டுமே. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிப் பட்டியலில் இடம்பெற்று, கட்டணம் நீங்கி, நடக்கும் தொலைவில் பள்ளி அமைந்து, குழந்தைத் தொழில் ஏறத்தாழ ஒழிந்த பிறகு வந்த அபராதம் அது. அந்த முன்நிபந்தனைகள் இல்லாத இந்தியாவில் இதே கருவி என்ன ஆனது என்பதை இனிக் காண்போம்.

பள்ளி நாள் என்பது எப்போது பிறந்தது?

பள்ளி நாளில் பிள்ளையை அழைத்துச் செல்வது குற்றமாக வேண்டுமெனில், பள்ளி நாள் எது என்பதை முதலில் யாரோ வரையறுக்க வேண்டும். தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகளில் அமாவாசை, பௌர்ணமி முதலிய நாள்களை ஒட்டி விடுமுறை அமைந்தது. அதற்கு 'வாவு' என்று பெயர். உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் அக்காலப் பள்ளி வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். வராத மாணவனை அழைத்து வரச் சட்டாம்பிள்ளையை அனுப்புவதும் உண்டு. அதாவது, பிள்ளை ஏன் வரவில்லை என்று வீட்டு வாசலில் போய் நின்று கேட்கும் பழக்கம் நமக்கு அயலானதன்று. ஆயினும் அறுவடையும் திருவிழாவும் மழையும் பள்ளியின் காலத்தைத் தீர்மானித்தன. திண்ணைப் பள்ளி எல்லாருக்கும் திறந்திருக்கவும் இல்லை. சாதியாலும் பாலினத்தாலும் பெரும்பான்மையோர் அதன் வெளியே நின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்வு விளைவை ஒட்டி மானியம் வழங்கும் முறை வந்தது. வருகைப் பதிவேடும் ஆய்வாளரின் வருகையும் ஆசிரியரின் வருமானத்தோடு பிணைக்கப்பட்டன. பள்ளி ஆண்டு, வேலை நாள், விழுக்காடு ஆகிய கருத்துகள் அவ்வாறே நம் ஊர்களுக்குள் நுழைந்தன.

பரோடாவும் கோகலேயும்

இந்தியாவில் கட்டாயத் தொடக்கக் கல்வியை முதலில் செயல்படுத்தியவர் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். 1893இல் அம்ரேலிப் பகுதியில் சோதனையாகத் தொடங்கி, 1906இல் தம் அரசு முழுவதற்கும் அதை விரிவுபடுத்தினார். பரோடாவின் சட்டத்தில் பெற்றோருக்கான அபராதம் இருந்தது, உண்மையில் வசூலிக்கவும்பட்டது. ஆனால் அங்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. கட்டணத்தை நீக்கிப் பள்ளியைத் திறந்துவிட்ட பின்னரே மன்னர் பெற்றோரைக் கட்டாயப்படுத்தினார்.

பரோடாவின் முன்மாதிரியைச் சுட்டிக்காட்டியே கோபாலகிருஷ்ண கோகலே 1911 மார்ச்சில் பேரரசின் சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள்தொகையில் 1.9 விழுக்காட்டினரே பள்ளியில் பயில்கின்றனர் என்று அவர் அவைக்கு எடுத்துரைத்தார். மசோதா மிக எச்சரிக்கையானது. ஆறு முதல் பத்து வயது வரையிலான சிறுவர்களுக்கு மட்டும் முதலில் பொருந்துவது. ஏற்கெனவே குறிப்பிட்ட விழுக்காட்டுப் பிள்ளைகள் பயிலும் பகுதிகளில், உள்ளூர் மன்றம் விரும்பினால் மட்டும் நடைமுறைக்கு வருவது. மாதம் பத்து ரூபாய்க்கு மிகாத வருமானம் உடைய பெற்றோருக்குக் கட்டணம் இல்லை. கட்டளையை மீறும் பெற்றோருக்குச் சிறு அபராதம்.

1912 மார்ச்சில் அந்த மசோதா 13க்கு 38 என்ற வாக்குகளில் வீழ்ந்தது. அரசின் தரப்பு நிதிச்சுமையையும் நிர்வாகச் சிக்கலையும் காரணம் காட்டியது. மக்கள் இதற்கு ஆயத்தமாக இல்லை, ஏழைகளை அபராதத்தால் துன்புறுத்துவதாக முடியும் என்ற வாதமும் எழுந்தது. இந்த வாதத்தின் முரணைக் கவனிக்க வேண்டும். ஏழைகளின் மீதான பரிவு என்ற பெயரால், அந்த ஏழைகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டும் செலவும் தள்ளிவைக்கப்பட்டது. அபராதம் குறித்த அச்சம் நியாயமானது. அதைக் காட்டிப் பள்ளியையே மறுத்தது நியாயமன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இந்தியாவுக்கு மேலும் தொண்ணூற்றேழு ஆண்டுகள் ஆயின.

மைசூரும் இரண்டாகப் பிளந்த பெங்களூரும்

கோகலேயின் மசோதா வீழ்ந்த மறுஆண்டே மைசூர் சமஸ்தானம் தொடக்கக் கல்விக்கான ஒழுங்காணையை இயற்றியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னர். 1912இன் இறுதியில் பொறுப்பேற்ற மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா திவான். தேர்ந்தெடுத்த சில ஊர்களில் மட்டும் வருகையைக் கட்டாயமாக்கிப் படிப்படியாக விரிவுபடுத்துவது என்பதே அந்த 1913ஆம் ஆண்டு ஒழுங்காணையின் வழி. பின்னர் 1930இன் ஒழுங்காணை தொடக்கக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. 1941இன் சட்டம் அப்பொறுப்பை மீண்டும் அரசிடமே கொண்டுவந்தது. பொறுப்பை யார் சுமப்பது என்ற கேள்வி அப்போதும் இங்குமங்கும் அலைந்ததையே இம்மாற்றங்கள் காட்டுகின்றன.

பெங்களூர்த் தமிழர் வரலாற்றில் ஆர்வமுள்ளோர் இவ்விடத்தில் ஒன்றைக் கருத வேண்டும். அக்காலப் பெங்களூர் இரண்டு நிர்வாகங்களின் கீழ் இருந்தது. பழைய பேட்டையும் அதைச் சுற்றிய நகரமும் மைசூர் அரசுக்கு உரியவை. அல்சூர், இன்றைய சிவாஜிநகர் உள்ளிட்ட கண்டோன்மென்ட் பகுதி, 1881 முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டின் ஆளுகைக்குள் இருந்தது. 1947 ஜூலையில்தான் அது மைசூருக்குத் திரும்பியது. படையினரைச் சார்ந்து தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய சமையற்காரர், தையற்காரர், கட்டடத் தொழிலாளர், சிறுவணிகர் முதலியோரில் பெரும்பகுதியினர் வாழ்ந்தது இந்தக் கண்டோன்மென்டில். மைசூர் அரசின் ஒழுங்காணைக்கு அங்கே அதிகாரம் இல்லை. சில கல் தொலைவு இடைவெளியில் ஒரே நகரத்தின் இரு பிள்ளைகள் இரு வேறு சட்டங்களின் கீழ் வளர்ந்தனர். அரசு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்தே பிள்ளையின் உரிமை அமைந்த காலம் அது.

ஓர் அணாவும் ஐம்பது ரூபாயும்

பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் கட்டாயக் கல்விச் சட்டம், வித்தல்பாய் படேலின் முயற்சியால் 1918இல் பம்பாய் மாகாணத்தில் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பிற மாகாணங்கள் தொடர்ந்தன. சென்னையின் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. இவை யாவும் உள்ளாட்சி மன்றம் விரும்பினால் கட்டாயத்தைக் கொண்டுவரலாம் என்று சொன்ன சட்டங்கள். வரி விதித்துப் பள்ளி கட்டும் துணிவு பெரும்பாலான மன்றங்களுக்கு இல்லை.

அதே 1920இல் சென்னை மாநகராட்சி வேறொரு பாதையையும் தொட்டது. பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு ஒருவருக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க அவ்வாண்டு செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது என்ற எளிய அறிவே அதன் அடிப்படை. சில ஆண்டுகளில், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதற்கு ஆங்கில அரசு தெரிவித்த மறுப்பால் அத்திட்டம் நின்றுபோயிற்று. பெற்றோரிடம் அபராதம் பெறச் சட்டத்தில் இடம் இருந்தது. பிள்ளைக்கு ஓர் அணா செலவிட இடம் இல்லை. காமராசர் காலத்தில் 1956இல் மதிய உணவுத் திட்டமும், எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் சத்துணவுத் திட்டமும் வந்து தமிழ்நாட்டின் பள்ளி வருகையை எவ்வாறு மாற்றின என்பதை நாம் அறிவோம். அந்த வெற்றியில் அபராதத்துக்குப் பங்கில்லை.

1933இல் வந்த மற்றொரு சட்டமும் நம் கேள்விக்கு நேரடித் தொடர்புடையது. பிள்ளையின் உழைப்பை அடகு வைத்து முன்பணம் பெறும் வழக்கம் பீடி, கம்பளம் போன்ற தொழில்களில் பரவியிருந்ததை விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931இல் வெளிக்கொணர்ந்தது. அதைத் தொடர்ந்து வந்த, பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம், அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், பிள்ளையை வேலைக்குப் பெறுபவருக்கு 200 ரூபாய் வரையும் அபராதம் விதித்தது. பள்ளிக்கு வராத பிள்ளையின் பின்னால் பெற்றோரைவிட வலிமை வாய்ந்த ஒருவர் நிற்கிறார் என்பதை ஒரு சட்டம் எண்களால் ஒப்புக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

விடுதலைக்குப் பின் இரண்டு ரூபாய்

அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்று 1950இல் கூறியது. அக்கெடு முடியும் தறுவாயில் மாநிலங்கள் புதிய சட்டங்களை இயற்றின. அவற்றுள் 1960ஆம் ஆண்டின் தில்லித் தொடக்கக் கல்விச் சட்டம் ஒரு மாதிரியாக அமைந்தது. அதன்படி வருகை ஆணையை மீறும் பெற்றோருக்கு அபராதம் 2 ரூபாய் வரை; மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 50 நயா பைசா வரை. மைசூர் மாநிலம் 1961இல் தன் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றியது. பின்னாளில் வந்த 1983ஆம் ஆண்டின் கர்நாடகக் கல்விச் சட்டமும் வருகை அதிகாரி, வருகை ஆணை, பெற்றோர் பொறுப்பு ஆகிய அதே சட்டகத்தைத் தொடர்ந்தது.

இக்காலச் சட்டங்கள் பெற்றோர் கூறத்தக்க 'நியாயமான காரணங்கள்' சிலவற்றைப் பட்டியலிட்டன. பிள்ளையின் நோய் அவற்றுள் ஒன்று. குறிப்பிட்ட தொலைவுக்குள் பள்ளி இல்லை என்பது மற்றொன்று. அருகில் பள்ளி இல்லாமை என்பது அரசின் தவறு. அச்சட்டங்களிலோ அது பெற்றோர் அதிகாரியின் முன் நின்று எடுத்துச் சொல்லித் தப்பிக்க வேண்டிய ஒரு சாக்காக இடம்பெற்றது. பள்ளி கட்டாத அரசுக்கு எதிராக யாரும் வருகை ஆணை பிறப்பிக்க முடியாது.

இந்த அபராதங்கள் நடைமுறையில் பெரும்பாலும் உறங்கின. அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991இல் வெளியிட்ட 'இந்தியாவில் குழந்தையும் அரசும்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் இதைக் கடுமையாகச் சாடினார். சட்டம் இருந்தும் அரசு செயல்படுத்தாமைக்கு வறுமை முதன்மைக் காரணமன்று. ஏழையின் பிள்ளை உழைக்கத்தான் வேண்டும் என்ற மேல்தட்டு மனப்பான்மையே காரணம் என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஏழைப் பெற்றோர் கல்வியை மதிப்பதில்லை என்ற பரவலான நம்பிக்கை, 1999இல் வெளிவந்த 'புரோப்' அறிக்கையால் உடைந்தது. வட இந்திய மாநிலங்களில் கள ஆய்வு செய்த அக்குழுவிடம், ஆண் பிள்ளைகளுக்குக் கல்வி முக்கியம் என்று 98 விழுக்காட்டுப் பெற்றோரும், பெண் பிள்ளைகளுக்கு முக்கியம் என்று 89 விழுக்காட்டினரும் கூறினர். ஆசை இருந்தது. பள்ளியும் ஆசிரியரும் பல இடங்களில் பெயரளவிலேயே இருந்தன. விருப்பம் உள்ளவரிடம் அபராதம் கேட்பதால் இல்லாத ஆசிரியர் வந்துவிட மாட்டார்.

கட்டாயம் திசை மாறியது

திருப்பம் நீதிமன்றங்களில் தொடங்கியது. அதன் முதற்படி கர்நாடகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கு. இங்குள்ள தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றின் கட்டணம் தொடர்பான மோகினி ஜெயின் வழக்கில், கல்வி பெறும் உரிமை வாழ்வுரிமையிலிருந்து பிறப்பது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மறுஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கில் அவ்வுரிமை பதினான்கு வயது வரையிலான கல்விக்கு உறுதி செய்யப்பட்டது. 2002இல் 86ஆவது திருத்தம் 21ஏ பிரிவைச் சேர்த்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்ற வாசகமும் அதே திருத்தத்தில் 51ஏ பிரிவில் சேர்ந்தது.

2009இல் நாடாளுமன்றம் இயற்றி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இந்தப் பின்னணியில் எழுந்தது. அதன் 8ஆம் பிரிவின் விளக்கத்தை வாசகர்கள் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். 'கட்டாயக் கல்வி' என்பதற்கு அது தரும் பொருள், இலவசத் தொடக்கக் கல்வியை வழங்குவதும், ஒவ்வொரு பிள்ளையின் சேர்க்கையையும் வருகையையும் படிப்பு நிறைவையும் உறுதி செய்வதும் அரசின் கடமை என்பதாகும். பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் மீறினால் இன்ன தண்டனை என்று அது கூறவில்லை. புலம்பெயர் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதி செய்வதையும், தன் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டைப் பேணுவதையும், கல்வி நாள்காட்டியை முடிவு செய்வதையும் 9ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளாக்குகிறது. அருகில் பள்ளி இல்லாமை அதன் பிறகு பெற்றோரின் சாக்காக இல்லாமல் அரசின் சட்டமீறல் ஆயிற்று.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் ஏறத்தாழ இதே திசையில் சென்றது. வேலைக்கு வைப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. மீண்டும் செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. பள்ளி நேரம் முடிந்து தொடங்கும் வேலை மறுநாள் வருகையை எப்படிப் பாதிக்கும் என்பதை எந்த ஆசிரியரும் சொல்வார்.

ஒரே பதிவேட்டில் இரண்டு விடுப்புகள்

இனி இன்றைய பெங்களூருக்கு வருவோம். தசரா விடுமுறைக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொண்டு, விமானக் கட்டணம் குறைவாக உள்ள வாரத்தில் பயணம் போகும் குடும்பங்கள் இங்கே உண்டு. அதே நகரில், கலபுரகி, ராய்ச்சூர், யாதகிரி மாவட்டங்களிலிருந்தும், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகள் பெயர் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை இங்கே மணல் மேட்டின் மேல் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும். தருமபுரிப் பிள்ளைக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியின் கன்னடமும் புதிது. பள்ளிக் காலத்தின் நடுவே பெற்றோர் பிள்ளையை அழைத்துச் செல்வது என்ற வரையறைக்குள் இவ்விரு குடும்பங்களும் அடங்கும். வருகைப் பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே குறிதான்.

இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் குடும்பத்துக்கு அது பயணச் செலவில் ஒரு சிறு வரி. இரண்டாம் குடும்பத்துக்கு அது சில நாள்களின் கூலி. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியாகிப் புகழ்பெற்றது. பிள்ளையைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தபோது, தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை குற்றவுணர்வோடு தாமதித்தவர்கள், பின்னர் அதைக் காசு கொடுத்துப் பெறும் சேவையாகக் கருதினர். அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. வசதியுள்ளவருக்கு அபராதம் விலையாகிவிடுவதையும், வசதியற்றவருக்குத் தண்டனையாகவே நிற்பதையும் பிரிட்டனின் அனுபவமும் நமக்கு உணர்த்துகிறது.

அப்படியானால் அபராதம் வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவிடலாமா? முடியாது. கட்டாயத்தைப் பெற்றோரின் தோளிலிருந்து இறக்கிய அரசு அதைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டதா என்பதே எஞ்சிய கேள்வி. 2013இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பள்ளிக்கு வெளியே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருப்பதாக வந்த நாளேட்டுச் செய்தியை முன்வைத்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வழக்கை ஒட்டிய விவாதங்களில், எத்தனை நாள் வராவிட்டால் ஒரு பிள்ளை பள்ளிக்கு வெளியே உள்ளதாகக் கருதுவது என்பது மையமாயிற்று. அறுபது நாள் என்று இருந்த அளவை ஏழு நாளாகக் குறைத்தது கர்நாடகத்தின் முக்கியமான நகர்வு. அறுபது நாள் காத்திருந்தால் அந்தக் குடும்பம் வேறு கட்டடத்துக்கு இடம் மாறியிருக்கும். ஏழாம் நாளில் யாரேனும் கதவைத் தட்டினால் பிள்ளையைக் கண்டுபிடிக்கலாம்.

மேலே சொன்ன சட்டாம்பிள்ளையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அன்று அவன் ஆசிரியரின் ஏவலாளாக வந்தான். இன்று வர வேண்டியவர் ஓர் அரசு அலுவலர். அவர் கையில் அபராதச் சீட்டுக்குப் பதிலாக அருகிலுள்ள பள்ளியின் சேர்க்கைப் படிவமும், மாற்றுச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் சட்டமும் இருக்க வேண்டும். அச்சட்டம் ஏற்கெனவே உள்ளது. 5ஆம் பிரிவின்படி மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க இயலாது.

சுற்றுலா செல்லும் குடும்பங்கள் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களின் பிள்ளைகள் நான்கு நாள் வராததால் கல்வி இழந்துவிடப் போவதில்லை. ஆனால் ஆசிரியர் அப்பாடத்தை மீண்டும் நடத்த நேரிடுகிறது, வகுப்பு காத்திருக்கிறது. ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, விடுபட்ட பாடத்தை வீட்டில் ஈடுசெய்வது பெற்றோர் செய்யக்கூடிய எளிய மரியாதை. அதற்கு ஒரு தண்டச் சட்டம் தேவையில்லை. அப்படி ஒரு சட்டம் வந்தால், அவர்களை எண்ணி எழுதப்பட்ட விதி முதலில் போய்த் தட்டும் கதவு தகரக் கொட்டகையினுடையதாகவே இருக்கும். 1912இல் கோகலேயை எதிர்த்தவர்கள் ஏழையின் பெயரைச் சொல்லிப் பள்ளியை மறுத்தார்கள். இன்று ஒழுக்கத்தின் பெயரைச் சொல்லி அபராதம் கேட்போர், அறியாமலே, பள்ளி வழங்கும் பொறுப்பை அரசிடமிருந்து மீண்டும் பெற்றோரிடமே தள்ளுகிறார்கள்.

ஆகவே பெங்களூர் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடியிருப்புக்கு அருகில் எழும் கட்டடத்தில் எத்தனை பிள்ளைகள் உள்ளனர், அவர்களின் பெயர் 9ஆம் பிரிவு சொல்லும் பதிவேட்டில் ஏறியுள்ளதா என்று உங்கள் பகுதி உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டால் எழுத்தில் விடை தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். விடை கிடைத்தவர்கள் அதைப் பின்னூட்டத்தில் பகிருங்கள்.